ஏற்றிப் பார்த்த எஞ்சின்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு அந்த நாற்றம் வந்தது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கடைசிப் பாடவேளைக்கு மணியடிக்கும் நேரம் அது. கோடை விடுமுறையிலும் அந்த நேரத்துக்கு என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போகும். பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், மூக்கில் ஏறியது. ரப்பரையும் மயிரையும் சேர்த்துக் கொளுத்தியது போல ஒரு வாடை.

கொல்லிமலையிலிருந்து எங்கள் ஜீப்பில் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவன் என் மகன், இருபது வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவன் பக்கத்தில் என் கணவர். பின்னால் எதிரெதிராகப் போட்ட இரண்டு பெஞ்சுகளில் சொந்தக்காரர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே பலாப்பழங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. நான் மகனுக்கு நேர் பின்னால், மடியில் ஒரு புளியமரக் கட்டையோடு.

“யாருடா செருப்பக் கொண்டுபோயி அடுப்புல வெச்சது?” என்றார் என் கணவரின் அக்கா.

“உங்க தம்பி பத்த வெச்ச பீடியா இருக்குமுங்க” என்றார் எதிர் பெஞ்சிலிருந்து ஒருவர்.

வண்டியே சிரித்தது. காலையிலிருந்து அந்த வண்டியில் சிரிப்புக்குக் குறைவில்லை. என் மகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பிடரியிலிருந்து வியர்வை சட்டைக்குள் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். பேளுக்குறிச்சிப் பக்கம் சொந்தக் காடு கழனியில் பாடுபடுகிற குடும்பம் எங்களுடையது. நான் ஒருத்திதான் படித்து, சேந்தமங்கலத்தில் ஆசிரியையாக இருந்தேன். மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் சுருண்டு கிடந்த பிறகு, அவன் பிழைக்கட்டும் என்று பழைய ஜீப் ஒன்றை வாங்கினோம். மலைக்கு ஆள் ஏற்றிப் போவான். திரும்பும்போது மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டிலிருந்து மிளகும் பழமும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருவான். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும், அதே எழுபதும் இறங்க வேண்டும். வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஜீப்பில் இருந்தது பெரிய பெட்ரோல் எஞ்சின். பானெட்டைத் திறந்தால் உள்ளே கை வைக்க இடம் இருக்காது. அதன் குடியும் அப்படித்தான். அந்தக் குடியைப் பற்றித்தான் என் கொழுந்தனார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பேசினார். அவர் பழைய வண்டிகளுக்குத் தரகு பார்ப்பவர்.

“இது எஞ்சின் இல்லீங்க அண்ணி, வெறும் வாயி” என்பார். “பங்க்குக்காரன் ஊட்டு விசேஷத்துக்கெல்லாம் நம்ம பையந்தான் மொய் வெக்கறான்.”

அவர் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். பழையதில் பாதி அளவு. எங்கேயோ அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியது. பட்டறையில் அதைத் துடைத்து, பெயின்ட் அடித்து, மேசைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெற்றிலை எச்சிலைச் சுவர் மூலையில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்த அதே கையால் எஞ்சினைத் தட்டி, “நல்ல சாமானுங்க” என்றார்கள். எதை வைத்து நல்ல சாமான் என்று நான் கேட்டதற்கு, ஒருவர் இன்னொரு முறை தட்டிக் காட்டினார். பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள்கூட இன்னும் கொஞ்சம் அக்கறையாகத் தட்டுவார்கள்.

“மலை ரோட்டுக்குப் பெருசே இருக்கட்டுமுங்க” என்று என் கணவரிடம் சொன்னேன். வளைவில் மூச்சு முட்டி நின்று, வண்டி பின்பக்கமாக உருண்டுவிடும் என்பதுதான் என் பயம். கண்ணை மூடினால் அது பின்னால் உருளும்.

“சம்பாரிக்கறத எல்லாம் டேங்குலயே ஊத்தீட்டிருந்தா அவன் எப்பத்தான் தலையெடுக்கறது?” என்றார் அவர்.

மகன்தான் சமாதானம் செய்தான். “ஏத்திப் பாத்துரலாமுங்கம்மா. ஏறுலீன்னா பழசயே மாட்டிக்கலாம். பழசுக்கு ஆள் வந்து காத்திருக்கறாங்க. ஏத்திப் பாக்கற வரைக்கும் குடுக்க வேண்டாமுன்னு சித்தப்பாகிட்டச் சொல்லீரலாம்.”

ஏற்றிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டிமாடு வாங்கும்போது, பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டி ஒரு மேட்டில் ஏற்றிப் பார்ப்பார்கள். மாடு முட்டி போடாமல், மூக்கைத் தரையில் உரசாமல் ஏறிவிட்டால் கைமேல் துண்டைப் போட்டு விலை பேசி முடித்துவிடுவார்கள். மேடு ஏறின மாடுதான் மாடு. இறக்கிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜீப்புக்கும் அதே வழக்கம்தான். பாரத்துக்கு மூட்டைகளை ஏற்றாமல் சொந்தக்காரர்களை ஏற்றுவார்கள். வண்டி நின்றுவிட்டால் மூட்டை இறங்கித் தள்ளாது, சொந்தக்காரர்கள் தள்ளுவார்கள். அதுவுமல்லாமல் முடிவைச் சொல்ல நாலு சாட்சியும் ஆச்சு.

அப்படித்தான் புது எஞ்சினை மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரவள்ளியில் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினோம். பானெட்டைத் திறந்து காட்டினார் கொழுந்தனார். பழைய எஞ்சின் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இந்தச் சின்னது ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் வெற்றிடம்.

“இந்த எடத்துல சோத்து அடுக்கு வெச்சுக்கலாமுங்க அண்ணி. மேல போறதுக்குள்ள சோறு சூடாயிரும்” என்றார்.

“தொட்டில் கட்டிக் கொழந்தையவே படுக்க வெக்கலாம்” என்றார் நாத்தனார்.

ஒரு சேவலை அறுத்தார்கள். சக்கரத்துக்குத் தெளித்தது போதாதென்று, எஞ்சினை ஓடவிட்டு அதன் தலையிலும் ரத்தத்தைத் தெளித்தார்கள். சூட்டில் அது பொரிந்து வந்த வாடை வண்டிக்குள் வந்து தங்கிவிட்டது. அந்த வாடையோடுதான் எல்லாரும் ஏறி உட்கார்ந்து, கொண்டுவந்த முறுக்கைத் தின்றார்கள்.

நான் வீட்டிலிருந்து எடுத்துவந்த புளியமரக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி பின்னால் உருண்டால் குதித்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. அதைப் பார்த்ததும் வண்டியில் ஒரே கும்மாளம்.

“டீச்சரம்மா பிரம்பு மறந்துட்டாங்கபோல, கட்டையோட வந்திருக்கறாங்க.”

“எஞ்சின் ஒழுங்கா ஏறுலீன்னா அடி வுழுகுமப்பா.”

கொழுந்தனார் மட்டும் ஏறவில்லை. “நான் வந்தா எஞ்சினுக்கு வக்காலத்து வாங்கறேன்னு அண்ணி சொல்லுவாங்க. நீங்களே பாத்துட்டு வாங்க. நான் இங்கயே டீக்கடையில இருக்கறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

வண்டி ஏறியது.

முதல் கியரில், கரும்புகை கக்கிக்கொண்டு, நடந்து போகிறவன் கூடவே வரலாம் என்கிற வேகத்தில், ஆனால் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் உள்ளே இருந்தவர்கள் “ஏறு சாமி, ஏறு” என்று கத்தினார்கள். நாத்தனார் பெஞ்சில் எழும்பி எழும்பி உட்கார்ந்தார், தன் உடம்பால் வண்டியை உந்துவது போல. பாதி மலையில் இரண்டு பேர் தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தார்கள். காற்று அதில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து தார்ப்பாயிலும் பின்னால் இருந்தவர்கள் மேலும் அடித்தது. துடைத்தார்கள், சிரித்தார்கள், மறுபடி கத்தினார்கள். நான் கட்டையைப் பிடித்துக்கொண்டு, இது நின்று தொலையட்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். “ஏறிருச்சு” என்றார். அவ்வளவுதான். மகன் இறங்கி பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். செம்மேட்டில் ஒரு போன் பூத்திலிருந்து என் கணவர் காரவள்ளி டீக்கடைக்குப் பக்கத்து பூத்துக்குப் பேசி, தன் தம்பியை அழைத்து வரச் சொல்லி, அதே ஒரு வார்த்தையைச் சொன்னார். பழசை என்ன செய்வது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். “இனி எதுக்கு அது? வந்தவங்களுக்குக் குடுத்துரு” என்றார். மாதக்கணக்காக வீட்டில் சண்டை போட்ட விஷயம். பூத்துக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக அவர் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காபி ஆற்றிக் குடிக்கிற நேரத்தில் முடிந்துபோனது.

மத்தியானச் சாப்பாடு திருப்புலி நாட்டில், மகன் வழக்கமாக மிளகு வாங்கும் வீட்டில். கறிச்சோறு போட்டார்கள். அவர்கள் தோட்டத்தில் பலா காய்த்துத் தொங்கியது. வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும், ஊரில் இருக்கும் சம்பந்திக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. வண்டிதான் ஏறிவிட்டதே. ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

“பாரம் ஜாஸ்தியாகுதுங்க” என்றான் மகன்.

“எறக்கத்துல என்ன சாமி பாரம்?” என்றார் நாத்தனார். “ஏறும்போதுதான் பாரம். எறங்கும்போது அதுபாட்டுக்குப் போகுது.”

வீட்டுக்காரரும் கடைசிப் பழத்தைத் தூக்கி வைத்துவிட்டு, “எங்க பலாவே உங்க வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிருமுங்க, டீசலே வேண்டாம்” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வண்டி பின்னால் உருளாமல் மேலே வந்து சேர்ந்துவிட்டது, இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கும் தோன்றியிருந்தது. கட்டையை மட்டும் எதற்கோ மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பழைய எஞ்சின் இருந்தபோது நான் அவனோடு சில தடவை மலை இறங்கியிருக்கிறேன். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவான். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமும். யாரோ பின்னாலிருந்து வண்டியின் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்துவது போல வேகம் அடங்கும். பிரேக்கை அவன் தொடுவதே எப்போதாவதுதான். அந்த உறுமல் எனக்குப் பிடிக்காது, தலைவலிக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

நாற்றம் வந்து, பீடி என்று சொல்லி எல்லாரும் சிரித்தபோது, நான் அந்த உறுமலைக் காதால் தேடினேன். இல்லை. கியரைக் குறைக்கத்தான் செய்தான். சின்ன எஞ்சின் தையல் மிஷின் மாதிரி கீச்சென்று கத்தியது, வண்டி அடங்கவில்லை. அத்தனை பேரையும் அத்தனை பழத்தையும் பிடித்து நிறுத்த அதற்குத் திராணி இல்லை. அதனால் மகன் மேலேயிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வந்திருக்கிறான். தீய்ந்தது அதுதான்.

“அப்பா, பிரேக் கீழ போகுதுங்க” என்றான். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாகச் சொன்னான். எனக்குக் கேட்டது.

“உட்டு உட்டு மிதி” என்றார் அவர்.

“மிதிச்சுட்டேனுங்க.”

என் கணவர் கைபிரேக்கை இழுத்தார். அது வெறுங்கையாக வந்தது. முதல் கியருக்குத் தள்ளப் பார்த்தான், அது கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போக மறுத்தது. பின்னால் நாத்தனார் இன்னும் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு வளைவை எப்படியோ திருப்பினான். அடுத்தது தெரிந்தது. இடப்பக்கம் ஒன்றுமில்லை, வெறும் வானம்.

என் முன்னால் அவன் முதுகு மட்டும்தான் இருந்தது. ஈரச் சட்டை ஒட்டிய முதுகு. அதைத் தொட்டால் ஸ்டியரிங் ஆடிவிடும் என்று தொடவில்லை. கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் உருளும் வண்டிக்கு எடுத்து வந்த கட்டை. முன்னால் ஓடும் வண்டிக்கு அதை எங்கே வைப்பது?

அவன் வண்டியை மலைப்பக்கம் ஒடித்தான். வலது சக்கரங்கள் ஓர ஓடையில் இறங்கின, பக்கவாட்டுப் பாறையில் தகரம் கிழிந்துகொண்டே போய், மண் சரிவில் முட்டி நின்றது.

யாரும் சாகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது தெரிய ரொம்ப நேரமானது. மகன் நெற்றி கண்ணாடிச் சட்டத்தில் அடித்துப் பிளந்திருந்தது. வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது. முகமெல்லாம் ரத்தம். காலையில் எஞ்சின்மேல் தெளித்தது என் நினைவுக்கு வந்தது, ரோட்டோரத்தில் குனிந்து வாந்தியெடுத்தேன்.

உள்ளே பலாப்பழங்கள் வெடித்து எல்லார் மேலும் அப்பியிருந்தன. தலைமுடியில் சுளை, புடவையில் பால் பிசின், தார்ப்பாயில் காலை வாந்தி, கீழே வழிந்த டீசல், தீய்ந்த பிரேக். இத்தனையும் சேர்ந்த ஒரு நாற்றம். பழுத்த பலாவை வாசலில் யாராவது வைத்தால் இன்றைக்கும் நான் பின்வாசல் வழியாகத்தான் போகிறேன்.

அதைவிடக் குமட்டியது அவர்கள் பேச்சு. இறங்கி, கைகால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்த உடனே ஆரம்பித்துவிட்டார்கள்.

“பையன் பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா அது என்ன பண்ணும்?”

“நான் அப்பவே நெனச்சேன், இத்தன பழம் வேண்டாமுன்னு.” இது நாத்தனார். தலையிலிருந்து சுளையை எடுத்துத் தூர எறிந்துகொண்டே சொன்னார். “எங்க நம்ம பேச்சு எடுபடுது?”

“எஞ்சின் மேல குத்தமில்லீங்க. ஏறுனத நாம பாத்தமே.”

இருபது வயதுப் பையன். அத்தனை பேரையும் பள்ளத்தில் கொட்டாமல் பாறையில் கொண்டுபோய் முட்டியவன். துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, தன்மேல் சொல்லப்படும் குற்றங்களைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். “போதும், வாய மூடுங்க” என்று கத்தினேன். அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் என் குரலை அந்த அளவில் கேட்டதில்லை. “அம்மிணிக்குப் பயத்துல ஒண்ணும் புரியல” என்று நாத்தனார் மற்றவர்களுக்கு விளக்கினார்.

மாட்டைப் பற்றி அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன். இறக்கத்தில் மாடு தானாகவே பின்னங்காலை ஊன்றும், கழுத்தால் வண்டியைத் தாங்கும். உயிருள்ளது, விழுந்தால் தனக்கும் அடிபடும் என்று அதற்குத் தெரியும். அதனால்தான் யாரும் இறக்கிப் பார்த்து மாடு வாங்கவில்லை. தேவை இருந்ததில்லை. இந்த இரும்புக்கு என்ன தெரியும்? இந்த மனிதர்களுக்கு என்ன தெரியும்?

ஒரு பஸ் இறங்கி வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, அடிபட்டவர் யாராவது உண்டா என்று கேட்டார். சொந்தக்காரர்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டார்கள். மகனையும் ஏற்றப் பார்த்தேன். “அதுல ஏற மாட்டனுங்கம்மா” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், ஆனால் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. இன்னொரு வண்டியில் உட்கார்ந்து அந்த ரோட்டில் இறங்க அவனால் முடியவில்லை. எனக்கும் முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கு அவன் சமவெளியில் லாரி ஓட்டுகிறான், மலைக்குச் சவாரி என்றால் வேறு ஆளை அனுப்புகிறான். எனக்குப் பஸ் எந்தப் பாலத்தில் இறங்கினாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

என் கணவரும், போய் ஆள் கூட்டி வருவதாகச் சொல்லி, அந்தப் பஸ்ஸிலேயே போனார். நானும் மகனும் இருந்தோம். வெயில் சரிந்தது. முன்சக்கரம் ஓடையில்தான் கிடந்தது, அது எங்கும் போகாது. ஆனாலும் என் கட்டையை எடுத்துப்போய் அதன் முன்னால் அண்டை வைத்துவிட்டு வந்தேன். மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, பழைய எஞ்சின எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்களா?” என்றான்.

“இருக்காது கண்ணு. ஞாயித்துக்கெழம பட்டறையில ஆள் இருக்க மாட்டாங்க.”

“இருந்தா அதயே மாட்டிரலாமுங்கம்மா. இது வேண்டாம்.”

“வேண்டாம் சாமி. இது நமக்கு வேண்டவே வேண்டாம்.”

அப்படி நாங்கள் இரண்டு பேரும் முடிவெடுத்தோம். ரத்தம் காய்ந்த அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கீழேயிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு ஏறி வந்து நின்றது. என் கணவர் வரவில்லை. இறங்கியவர் கொழுந்தனார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிதறிக் கிடந்த பலாச்சுளைகளைத் தாண்டி வந்தார். கல்லில் உட்கார்ந்திருந்த என் மகனைத் தாண்டிப் போனார். நசுங்கிய பானெட்டைக் கையால் நெம்பித் திறந்தார். உள்ளே குனிந்து, எஞ்சினை ஒரு பக்கமும் மறுபக்கமும் பார்த்தார், தோளிலிருந்த துண்டால் அதன் தலையைத் துடைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது.

“ஏறுச்சில்லீங்க அண்ணி? நாஞ் சொன்னனில்ல?” என்றார். “பழசப் பத்தி நீங்க கவலப்படாதீங்க, அண்ணன் போன் பண்ணுன கையோட வாங்க வந்தவங்களுக்கு ஏத்தி அனுப்பச் சொல்லிட்டேன்.”